மகனின் மோட்டார் சைக்கிளும் சில சனிக்கிழமைகளும்



ஆறாம் ஆண்டை முடித்துச் சென்ற மாணவர்களின் பெற்றோரைச் சந்தையிலோ கோயிலிலோ காணும்போது, அவர்களுள் பலர் ஒரே கவலையைத்தான் சொல்கிறார்கள். "பையன் மோட்டார் சைக்கிள் கேட்கிறான் சார். வாங்கிக் கொடுத்தால் அடுத்த வாரமே எக்ஸோஸ்டை மாற்றிவிடுவான். அப்புறம் ரெம்பிட் கூட்டம்தான்." இக்கவலை பொருளற்றது என்று எவரும் கூறிவிட முடியாது. நம் நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் சாலை விபத்துகளில் மாண்டுபோவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. ஆயினும், வண்டியைத் தொடவே கூடாது என்று தடுப்பது வேறு. எப்படித் தொடுவது என்று உடனிருந்து பழக்குவது வேறு. எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். அதைப் பற்றியே இன்று எழுத விழைகிறேன்.

என் மூத்த மகன் சென்ற ஆண்டின் இறுதியில் புதிய யமாஹா ஆர்15 ஒன்றை வாங்கினான். முன்பணத்தில் பாதி அவன் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் பகுதிநேர வேலை செய்து சேர்த்தது, மீதி என்னுடையது. சுங்கை சிப்புட்டிலிருந்து செம்மோர் வழியாக ஈப்போவின் உங்கு ஒமார் பல்தொழில்நுட்பக் கல்லூரிக்கு அவன் நாள்தோறும் சென்று வரவேண்டும். அச்சாலையை அறிந்தோர்க்குத் தெரியும், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளுக்கு அங்கே குறைவில்லை. என் துணைவியார் இதற்கு ஒப்புக்கொள்ள மூன்று மாதங்கள் ஆயின. அதற்கொரு காரணம் உண்டு, பின்னர் சொல்கிறேன்.

வண்டி வீட்டுக்கு வருமுன்னரே மகனின் பட்டியல் வந்துவிட்டது. புதிய எக்ஸோஸ்ட், பின்புற மட்கார்டை நீக்கிக் குட்டையாக்கும் உறுப்பு, கைப்பிடியின் நுனியில் மாட்டும் சிறு கண்ணாடிகள், எரிபொருள் அளவை மாற்றும் மின்னணுப் பெட்டி, வேறொரு முன் ஸ்ப்ராக்கெட். நான் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் 1000 கிலோமீட்டர் வரை எதையும் வாங்குவதில்லை. வண்டியோடு வந்தவற்றில் திருகி, நகர்த்தி, அளந்து சரிசெய்யக்கூடியவற்றை மட்டும் நாமே செய்வோம். செய்ததையெல்லாம் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதுவோம் என்று கேட்டுக்கொண்டேன். புதிய இயந்திரத்தின் பாகங்கள் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்தும் காலம் அது. எப்படியும் அக்காலத்தில் விரட்டி ஓட்டக்கூடாது. ஆகவே அவனும் ஒப்புக்கொண்டான், முகத்தைச் சற்றுத் தூக்கிவைத்துக்கொண்டுதான்!

முதல் வாரத்திலேயே மணிக்கட்டு வலிக்கிறது என்றான். இத்தகைய வண்டியில் கைப்பிடி தாழ்ந்திருக்கும். உடல் முன்னோக்கிச் சாயும். எடை முழுவதும் உள்ளங்கையில் இறங்கும். கைப்பிடியை உயர்த்தும் உறுப்பு ஒன்று கடையில் கிடைக்கிறது என்று விலையையும் சொன்னான். அதற்குமுன் வண்டியில் அமரச் சொல்லி, பக்கவாட்டில் நின்று பார்த்தேன். பிரேக், கிளட்ச் நெம்புகோல்கள் சற்று மேல்நோக்கி நின்றன. விரல்களை அவற்றின்மீது வைக்கும்போதெல்லாம் மணிக்கட்டு மடிந்தது. இரு திருகாணிகளைத் தளர்த்தி, முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஒரே கோடாக வரும்படி கீழ்நோக்கித் திருப்பினோம். தொட்டியை முழங்கால்களால் அணைத்துப் பிடித்து, எடையை வயிறும் தொடையும் தாங்கும்படி அமரப் பழகச் சொன்னேன். பத்து நாளில் வலி போயிற்று. செலவு ஒன்றுமில்லை.

அன்றே கிளட்ச் நெம்புகோலின் வெற்று அசைவையும் அளந்தோம். நுனியில் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை அது தளர்வாக அசைய வேண்டும். தளர்வே இல்லாவிடில் கிளட்ச் முழுமையாகப் பற்றாமல் வழுக்கித் தேயும். மிகுந்துவிட்டால் கியர் விழ அடம்பிடிக்கும். பள்ளிக்குக் கொண்டுசெல்லும் பிளாஸ்டிக் அளவுகோலை வைத்துக்கொண்டு தந்தையும் மகனும் குனிந்து நின்ற காட்சியைக் கண்டு அண்டைவீட்டுப் பெரியவர் சிரித்தார். சிரிக்கட்டும்! அதன்பின் கியர் மிதியை அவன் சப்பாத்தின் உயரத்திற்கு ஏற்றினோம். முன்விளக்கின் ஒளி எதிரே வருவோரின் கண்ணில் படாதவாறு சுவரில் கோடிட்டுத் தாழ்த்தினோம். இவை சிறு வேலைகள். அரைமணி நேரத்தில் முடிந்தன.

டயர்க் காற்று எங்களுக்கு நல்ல பாடமாக அமைந்தது. எண்ணெய் நிலையத்தில் நிரப்பி வந்த காற்றை எங்கள் சொந்தக் கருவியால் மறுநாள் காலையில் அளந்தபோது மூன்று பி.எஸ்.ஐ. குறைவாகக் காட்டியது. கருவிகளுக்குள் வேறுபாடு இருக்கலாம். ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும் என்பதும் உண்மை. அதனால்தான் கையேடுகள் யாவும் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்கச் சொல்கின்றன. எந்தக் கருவி சரி என்று வாதிடுவதை விடுத்து, ஒரே கருவியால், ஒரே வேளையில், வண்டி புறப்படுமுன் அளப்பது என்று முடிவு செய்தோம். அறிவியல் பாடத்தில் நியாயமான சோதனை என்று நாம் மாணவர்க்குச் சொல்லிக்கொடுப்பது இதைத்தானே? மாறி ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை மாற்றாதே என்று வெண்பலகையில் எழுதிப் போடுகிறோம். காற்றைச் சரிசெய்த அன்று வளைவுகளில் வண்டி இலகுவாகத் திரும்புகிறது என்று அவனே வந்து சொன்னான்.

இனி, சங்கிலி.

என் துணைவியாரின் தம்பி 1999இல் செம்மோருக்கு அருகே விபத்தில் இறந்தார். இருபத்திரண்டு வயது. அக்காலத்து இளைஞர்கள் பலரைப் போல அவரும் ஆர்எக்ஸ்இசட் வைத்திருந்தார். அந்த மாதம்தான் புதிய எக்ஸோஸ்ட் மாட்டி, தொட்டிக்கு வண்ணம் பூசி, சக்கரங்களையும் மாற்றியிருந்தார். வண்டியைப் பிறகு பார்த்த பட்டறைக்காரர் எங்களிடம் காட்டியது வேறொன்று. தொய்ந்து கிடந்த சங்கிலி பல்சக்கரத்திலிருந்து கழன்று, பின்சக்கரத்தை இறுகப் பிடித்துவிட்டிருந்தது. வேகம் அதிகமில்லை என்று பின்னால் வந்தவர் சொன்னார். அன்றுமுதல் எங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் என்ற பேச்சே எழுந்ததில்லை. மகனின் வண்டி வந்த பின்னரும் அவர் தாழ்வாரப் பக்கம் வருவதைத் தவிர்த்தே வந்தார்.

நானும் மகனும் சங்கிலியை அளந்த சனிக்கிழமையன்று அது தொய்ந்திருக்கவில்லை, மாறாக, இறுகியிருந்தது. புதிய வண்டியைத் தயார்செய்து கொடுத்த கடையில் அப்படியே விட்டிருக்கிறார்கள். கையேடு கேட்ட அளவைவிட ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறைவு. இறுக்கம் நல்லதுதானே என்று மகன் கேட்டான். ஆள் ஏறி அமர்ந்து, பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது, முன் பின் பல்சக்கரங்களுக்கு இடையிலான தொலைவு கூடும். அப்போது நீள்வதற்குச் சங்கிலியில் தளர்வு வேண்டும். அது இல்லாவிடில் கியர்ப்பெட்டியின் தண்டும் தாங்கிகளும் அந்த இழுவையைச் சுமக்கும். சங்கிலியும் விரைவில் நீண்டு கெடும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி மிக இறுகிய இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே அளக்க வேண்டும். அச்சின் மரையைத் தளர்த்தி, இருபுறத் திருகாணிகளையும் சம அளவில் கால் சுற்றுக் கால் சுற்றாக நகர்த்த வேண்டும். ஒருபுறம் மட்டும் நகர்ந்தால் சக்கரம் கோணிக்கொள்ளும்.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கையில் துணைவியார் வாசற்படியில் வந்து நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"எவ்வளவு தொய்வு இருக்கணும்?" என்று மகனிடம் கேட்டார்.

அவன் அளவுகோலைச் சங்கிலியின் அருகே நிறுத்தி, விரலால் கீழே அழுத்தியும் மேலே தூக்கியும் காட்டினான். "இங்கேயிருந்து இதுவரைக்கும், அம்மா. இதுக்கு மேலே போனா ஆபத்து. குறைஞ்சாலும் தப்பு."

அவர் குனிந்து தம் விரலாலேயே ஒருமுறை தூக்கிப் பார்த்தார். கையில் எண்ணெய்க் கறை. "எத்தனை நாளைக்கு ஒருதரம் பார்க்கணும்?" என்றார். கையேட்டைப் புரட்டிக் காட்டினோம். மாமாவைப் பற்றி அவரும் பேசவில்லை, அவனும் கேட்கவில்லை. அன்றுமுதல் நோட்டுப்புத்தகத்தில் சங்கிலிக்கென ஒரு பத்தி இருக்கிறது. மகன் மறந்தாலும் அவர் மறப்பதில்லை.

அச்சின் மரையை இறுக்குவதற்கு முறுக்குவிசை அளக்கும் ஸ்பேனர் ஒன்று வாங்கினோம். ஒப்பந்தத்தை மீறி நாங்கள் வாங்கிய ஒரே பொருள் அதுதான். 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 30 கிலோ எடையைத் தொங்கவிட்டால் ஏறக்குறைய 60 நியூட்டன் மீட்டர். "கைப்பழக்கத்திலேயே தெரியும்" என்னும் அனுபவசாலிகளை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பழக்கம் இல்லாத கைக்கு எண்தான் துணை. இறுக்கிய ஒவ்வொரு மரையின்மீதும் வெள்ளைக் கோடொன்று போட்டு வைத்தான். கோடு விலகினால் மரை நகர்ந்திருக்கிறது என்று பொருள்.

ஸ்ப்ராக்கெட் விவகாரம் என் வகுப்பறை வரை சென்றது. வண்டியில் முன்னால் 14 பற்கள், பின்னால் 48. அதாவது முன் பல்சக்கரம் ஏறக்குறைய 3.43 முறை சுழன்றால் பின்சக்கரம் ஒருமுறை சுழலும். முன்னால் 15 பற்கள் வைத்தால் 3.2 முறை போதும். அதே வேகத்தில் இயந்திரத்தின் சுழற்சி கிட்டத்தட்ட 7 விழுக்காடு குறையும். 7000 என்றிருந்தது 6530 அளவுக்கு வரும். ஆனால் இழுவை அதே அளவுக்குக் குறையும். லாரியை முந்த ஒரு கியர் இறக்க வேண்டிவரும். 13 பற்கள் வைத்தால் நேர்மாறு. பட்டறையில் கழித்துப் போட்ட இரு பல்சக்கரங்களைக் கேட்டு வாங்கி, ஆறாம் ஆண்டு வகுப்பில் விகிதம் கற்பிக்கக் கொண்டுசென்றேன். வழக்கமாக வாயே திறக்காத மாணவன் ஒருவன் பற்களை எண்ணி முடித்து, "சின்னது நிறைய சுத்தும் சார்" என்றான். அவன் தந்தை லாரி ஓட்டுநர். நண்பர்களே, வாய்ப்புக் கிடைத்தால் இதை உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள். எண்ணெயை மட்டும் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

எஞ்சியது எக்ஸோஸ்ட். இதில் இளைஞர்கள் நம்பும் செய்தி ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. ஆர்எக்ஸ்இசட் போன்ற இரு வீச்சு இயந்திரங்களில், விரிந்து குறுகும் புகைக்குழாய்க்குள் எழும் அழுத்த அலை திரும்பி வந்து, வெளியேற முனையும் புதிய எரிகலவையைச் சிலிண்டருக்குள் தள்ளும். குழாயின் நீளத்தையும் வடிவத்தையும் மாற்றினால் ஆற்றலே மாறும். அந்நாளில் மாமாக்களும் அண்ணன்களும் கண்ட வேகம் பொய்யன்று. இன்றைய நான்கு வீச்சு வண்டியில் வால்வுகள் உண்டு. எரிபொருளைக் கணினி அளந்து தெளிக்கிறது. ஆர்15இல் 7400 சுழற்சியைத் தாண்டும்போது காற்றை உள்ளிழுக்கும் வால்வுகளை வேறொரு புடைப்பு இயக்கும்படி ஏற்பாடும் உள்ளது. எக்ஸோஸ்ட்டைத் திறந்துவிட்டு எரிபொருள் அளவைச் சீர்செய்யாவிட்டால், வேகப்பிடியை முழுதாகத் திருகும்போது கலவையில் காற்று மிகுந்து சூடேறக்கூடும். கூடுவது பெரும்பாலும் ஓசைதான்; காது அதை வேகம் என்று எண்ணிக்கொள்கிறது. சட்டமும் உண்டு. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், அதே ஆண்டு வந்த வாகன இரைச்சல் விதிமுறைகளும் இதைக் கண்டுகொள்ளாமல் விடுவதில்லை. விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனமும் கேள்வி எழுப்பலாம்.

இவற்றையெல்லாம் கேட்டு மகன் மனம் மாறிவிட்டான் என்று நான் எழுதினால் அது பொய்யாகும். 1000 கிலோமீட்டர் முடிந்து, எண்ணெயும் மாற்றியாயிற்று. கைப்பிடி நுனிக் கண்ணாடிகளை அவனே பட்டியலிலிருந்து அடித்துவிட்டான்; பின்னால் வரும் லாரி தெரியாது என்றான். மின்னணுப் பெட்டியின் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறான். ஒரு லிட்டருக்கு 41 கிலோமீட்டர் என்று எரிபொருள் கணக்கு எழுதி வருகிறான். 15 பல் ஸ்ப்ராக்கெட் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறான். தேர்வு விடுமுறையில் மாட்டிப் பார்க்கப்போகிறோம். எக்ஸோஸ்ட் இன்னும் பட்டியலின் முதல் வரியில்தான் இருக்கிறது. ஓசைத் தடுப்பானை நீக்காத வகையாக, விதிமுறைக்கு உட்பட்ட ஒன்றாகத் தேடிக்கொண்டிருக்கிறான். மாதம் 50 வெள்ளி ஒதுக்குகிறான். வாங்கினால் இருவரும் சேர்ந்தே மாட்டுவோம் என்று சொல்லியிருக்கிறேன். அண்டைவீட்டுப் பெரியவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.