திறந்த எல்லைகளும் ஒரு தாயின் பயணமும்

பிழைப்பைத் தேடி மும்பைக்கு வந்து வேரூன்றிய நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு கிளையேனும் கடல் கடந்து நிற்கிறது. எங்கள் வீட்டிலும் அப்படியே. என் தாயாரின் தமக்கை திருமணமாகி மலேசியாவின் கிள்ளானில் குடியேறியவர். என் தங்கை கணவரோடும் குழந்தையோடும் சிங்கப்பூரில் வசிக்கிறாள். கொரோனா கொள்ளைநோய் தணிந்துவந்த 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்விருவரையும் காண நாங்கள் மேற்கொண்ட பயணத்தையும், அதற்குத் திட்டமிட்ட விதத்தையும் இங்கே எழுதுகிறேன்.

இது உல்லாசப் பயணம் அன்று. 2021 மே மாதம் என் தகப்பனார் இருதய நோயால் காலமானார். அதற்குச் சில நாட்களுக்கு முன்னர், ஏப்ரல் இறுதியில், இந்தியாவிலிருந்து வரும் நீண்டகால அனுமதிச்சீட்டு உடையோருக்கும் குறுகியகாலப் பயணிகளுக்கும் சிங்கப்பூர் தன் கதவை அடைத்திருந்தது. தங்கை புறப்பட்டு வந்திருந்தால், திரும்பிச் சென்று குழந்தையோடு சேர்வது எப்போது என்று சொல்வார் எவருமில்லை. அடக்க ஆராதனையை அவள் கைபேசித் திரையில் பார்த்து அழுதாள். தாயும் மகளும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழ முடியாமற்போன அந்தத் துக்கம் ஓராண்டு எங்கள் வீட்டில் தேங்கி நின்றது.

கதவுகள் ஒரே நாளில் திறக்கவில்லை. 2021 நவம்பர் 29 முதல், தடுப்பூசி செலுத்திக்கொண்டோர் தனிமையில் வைக்கப்படாமல் சிங்கப்பூர் செல்வதற்கென்று சென்னை, டில்லி, மும்பை நகரங்களிலிருந்து தனி விமானங்கள் ஏற்பாடாயின. ஜனவரியில் போகலாம் என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருக்கையில் ஒமிக்ரான் பரவியது; டிசம்பர் 23 முதல் நான்கு வாரங்களுக்கு அவ்விமானங்களுக்கான புதிய பயணச்சீட்டு விற்பனை நிறுத்தப்பட்டது. தாயார் எடுத்துவைத்த பெட்டியை மறுபடியும் பரணில் ஏற்றினோம்.

2020 மார்ச் 23 முதல் நின்றிருந்த வழக்கமான பன்னாட்டு விமானப் போக்குவரத்தை இந்தியா 2022 மார்ச் 27 அன்று மீண்டும் தொடங்கியது. ஏப்ரல் 1 அன்று மலேசியா தன் எல்லைகளைத் திறந்தது. அதே நாளில் சிங்கப்பூரும் தடுப்பூசி முடித்த பயணிகள் அனைவரையும் அனுமதிக்கத் தொடங்கியது. மீண்டும் பெட்டி இறங்கியது.

பிள்ளைகள் பாங்காக்கையும் பட்டியலில் சேர்த்தார்கள். தாய்லாந்து செல்ல அப்போது இணையத்தில் முன்பதிவு செய்து ஒப்புதல் பெறவேண்டும். மே மாதத்தில் குறைந்தது 10,000 டாலருக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். அந்த முன்பதிவு முறை ஜூலை 1 அன்றுதான் நீங்கியது. ஒவ்வொரு நாடும் வாரத்துக்கு ஒருமுறை விதியை மாற்றிக்கொண்டிருந்த காலத்தில், ஓர் எல்லையைக் கூட்டினால் பயணம் அறுந்துபோகக்கூடிய இடமும் ஒன்று கூடிவிடும். எதை விடுவது என்று நான் தயங்கியபோது தாயாரே தீர்த்துவைத்தார்கள்: "ஐயா, எனக்கு ஊர் பார்க்க வேண்டாம். அக்காளையும் பிள்ளையையும் பார்த்தால் போதும்." பாங்காக் நீங்கிற்று.

காகித வேலைதான் பெரிய மலையாக நின்றது. தாயாரின் கடவுச்சீட்டு அவ்வாண்டு செப்டம்பரில் காலாவதியாக இருந்தது. இரு நாடுகளுமோ ஆறு மாதச் செல்லுபடிக் காலம் கேட்டன. ஆகவே முதலில் அதைப் புதுப்பித்தோம். அடுத்துப் பெயரில் சிக்கல் எழுந்தது. நம்மவர்களுக்கே உரிய சிக்கல் இது. கடவுச்சீட்டில் தாயாரின் பெயரோடு தகப்பனாரின் முழுப்பெயரும் இருந்தது. ஆதாரைப் பின்பற்றிய தடுப்பூசிச் சான்றிதழிலோ தலைப்பெழுத்து மாத்திரமே இருந்தது. கோவின் தளத்தில் பெயரைத் திருத்தி, புதிய கடவுச்சீட்டு எண்ணை இணைத்து, பிறந்த தேதி முழுமையாக அச்சிடப்பட்ட பன்னாட்டுச் சான்றிதழை எடுத்தோம். கடவுச்சீட்டு, பின்பு சான்றிதழ், அதன் பின்பே விசா என்ற அந்த வரிசை மாறியிருந்தால் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியிருந்திருக்கும். விமானச்சீட்டையும் தேதி மாற்றத்தக்கதாகவே, சற்று அதிக விலை கொடுத்து வாங்கினோம்.

முதலில் கோலாலம்பூரில் இறங்கிக் கிள்ளானுக்குச் சென்றோம். முதுமையால் தளர்ந்த பெரியம்மா வாசலிலேயே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்கள். இரு சகோதரிகளும் நான்கு நாட்கள் ஊர்க்கதையும் இறந்தோர் கதையுமாகப் பேசித் தீர்த்தார்கள். பிறகு பேருந்தில் தெற்கே ஜோகூர் பாருவுக்குப் பயணமானோம். விமானத்தில் ஒரு மணி நேரத்தில் சிங்கப்பூர் சேர்ந்திருக்கலாம். ஆயினும் கடற்பாலத்தைக் கடந்து போகவேண்டும் என்பது என் விருப்பம்.

ஜோகூர் நீரிணையின் மேல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலம் 1924-இல் முறைப்படித் திறக்கப்பட்டது. சாலையும் இருப்புப்பாதையும் பெரிய குடிநீர்க் குழாய்களும் அருகருகே செல்கின்றன. கொள்ளைநோய்க்கு முன் நாள்தோறும் லட்சக்கணக்கானோர் கடந்த வழி அது. 2020 மார்ச் 18 அன்று மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை விதித்தபோது, ஜோகூரில் வீடும் சிங்கப்பூரில் வேலையுமாக வாழ்ந்த திரளான தொழிலாளர்கள் அக்கரையிலேயே தங்க நேர்ந்தது. ஒரு கிலோமீட்டர் தொலைவில் மனைவி மக்கள் இருக்க, அவர்களைக் காணாமல் மாதங்களைக் கழித்தவர்கள் அநேகர். தடுப்பூசி முடித்தோர் பரிசோதனையின்றி அதைக் கடக்கலாம் என்ற நிலை 2022 ஏப்ரல் 1 அன்றுதான் வந்தது.

மலேசியச் சோதனைச்சாவடியில் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி, முத்திரை பெற்று, மறுபடி பேருந்தேறிப் பாலத்தைக் கடந்து, உட்லண்ட்ஸில் மீண்டும் இறங்கவேண்டும். எங்கள் அருகே நின்ற தொழிலாளி ஒருவர் தாயாரின் பையைக் கேளாமலே சுமந்துவந்தார். சிங்கப்பூரின் வருகைப் படிவத்தைத் தடுப்பூசி விவரத்தோடு மூன்று நாட்களுக்குள் முன்னதாகவே நிரப்பியிருந்ததால் தாமதம் நேரவில்லை.

வெளியே தங்கை குழந்தையோடு நின்றாள். "அம்மா" என்ற ஒரு சொல்லுக்குமேல் அவளுக்குப் பேச்சு எழவில்லை. தாயார் தம் பையிலிருந்து தகப்பனாரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து அவள் கையில் வைத்தார்கள். ஓராண்டாகத் தேங்கியிருந்த துக்கம் அந்தப் பேருந்து நிலையத்தில் கரை உடைந்தது. வழிப்போக்கர்கள் விலகி நடந்தார்கள். அத்தகைய காட்சிகள் அவ்விடத்துக்கு அந்நாட்களில் பழகிப்போயிருந்தன.

அன்றைய விதிகள் இன்று இல்லை. இந்தியா திரும்புவோர் நிரப்பிய ஏர் சுவிதா படிவம் 2022 நவம்பர் 22 அன்று கைவிடப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அவசரநிலையை முடித்துக்கொண்டது. ஆனால் வீட்டிலுள்ள முதியோரின் கடவுச்சீட்டை இன்றே எடுத்துத் தேதியைப் பாருங்கள். பெயர் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாயிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். பட்டியலை எழுதும்போது நாடுகளின் பெயரை எழுதுமுன் மனிதர்களின் பெயரை எழுதுங்கள். பெரியம்மா மறு ஆண்டு மார்கழியில் கண்மூடினார்கள். தாயார் அழுதார்கள், ஆனால், "போய்ப் பார்த்துவிட்டு வந்தேனே" என்று சொல்லித் தேறினார்கள்.