எபிடமி என்றொரு சொல்

'எபிடமி' என்ற ஆங்கிலச் சொல்லை முதலில் காதால் கேட்டவர்கள் நம் ஊரில் குறைவு. பெரும்பாலும் கண்ணால்தான் அறிமுகம். எழுத்துக்கூட்டிப் படித்தால் 'எபிடோம்' என்றுதான் வாயில் வரும். கடைசியில் நிற்கும் எழுத்தை ஆங்கிலம் வழக்கமாக விழுங்கிவிடும். இந்தச் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது என்பதால் இங்கே மட்டும் விழுங்காது.

எங்கள் இன்ஜினியரிங் ஹாஸ்டலில் ஜிஆர்இ எழுதப் போகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு சொல் அட்டைக் கட்டு இருக்கும். முன்பக்கம் சொல், பின்பக்கம் பொருள். எபிடமி, குவின்டெசென்ஸ், பாரகன், எக்ஸெம்ப்ளர், ஆர்க்கிடைப் எல்லாவற்றுக்கும் பின்னால் ஏறக்குறைய ஒரே விஷயம்தான் எழுதியிருக்கும்: கச்சிதமான எடுத்துக்காட்டு. "ஒரே வேல்யூவுக்கு எதுக்குடா அஞ்சு வேரியபிள்?" என்பான் ரூம்மேட். நியாயமான கேள்வி. ஆனால் இவை ஐந்தும் ஒரே வேல்யூ இல்லை.

பாரகனை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது செருப்பு. மூலம் இத்தாலியச் சொல், பாரகோனே. பொன்னை உரசி மாற்றுப் பார்க்கும் கல். நம் கட்டளைக்கல், உரைகல். ஒரு மனிதரைப் பாரகன் என்று சொல்வது, மற்றவர்களை இனி இவர்மேல் உரசிப் பார்ப்போம் என்று சொல்வதுதான். அதனால் இது நல்ல குணங்களுக்கு மட்டுமே வரும். சோம்பேறித்தனத்துக்குப் பாரகன் கிடையாது, கிண்டலுக்கு வேண்டுமானால் சொல்லலாம். 505-வது குறளிலும் கட்டளைக்கல் வருகிறது. ஆனால் வள்ளுவர் அந்த இடத்தில் மனிதரை வைக்கவில்லை, அவரவர் செய்கையை வைக்கிறார். இந்த வித்தியாசம் எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை.

குவின்டெசென்ஸ் என்றால் ஐந்தாவது சாரம். மண், நீர், காற்று, நெருப்பு நான்கும் பூமிக்கு. வானத்துப் பொருள்கள் ஐந்தாவதான ஈதரால் ஆனவை என்றார் அரிஸ்டாட்டில். ஐம்பூதம் படித்த நமக்கு இது பழகிய வீடு மாதிரி. 14-ம் நூற்றாண்டில் ரூபெசிசாவின் ஜான் என்ற பிரெஞ்சுத் துறவி, வைனைத் திரும்பத் திரும்ப வாலை வடித்தால் கிடைப்பதுதான் அந்த ஐந்தாவது சாரம் என்று எழுதினார். சாரம், சாராயம். தமிழில் இந்த ஜோக் இலவசமாகக் கிடைக்கிறது.

எபிடமிக்கு வருகிறேன். நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான். அதன் வேர் வெட்டுவது. அணுவைக் குறிக்கும் 'ஆட்டம்' என்ற சொல்லிலும் இதே வெட்டுதான் இருக்கிறது: வெட்ட முடியாதது ஆட்டம், வெட்டிக் குறைத்தது எபிடமி. ஆங்கிலத்தில் அதன் பழைய பொருள் சுருக்கம், பெரிய நூலைக் கைக்கு அடக்கமாக ஆக்கியது. பெரிய ஒன்றைச் சிறிய உருவில் காட்டுவது என்று பொருள் நகர்ந்து, பிறகு ஒரு குணம் முழுதாகத் தெரியும் ஆளையே எபிடமி என்றார்கள். இன்று சிலர் 'உச்சம்' என்ற பொருளிலும் போடுகிறார்கள், 'அவர் கரியரின் எபிடமி' என்று. அது பொருந்தாது. சிகரம் வேறு, சுருக்கம் வேறு.

ரோமானிய வரலாற்றை லிவி 142 நூல்களாக எழுதினார். இப்போது மிஞ்சியிருப்பது 35. மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சுருக்கம்தான் இருக்கிறது. பாம்பேயஸ் ட்ரோகஸ் எழுதிய 44 நூல்கள் மொத்தமாகப் போய்விட்டன. ஜஸ்டின் என்பவர் அவற்றிலிருந்து வெட்டித் தொகுத்த எபிடமி தப்பித்துவிட்டது. சுருக்கம் கையில் இருக்கும்போது 44 நூல்களையும் உட்கார்ந்து பிரதியெடுக்க யாருக்கு மனசு வந்திருக்கும்?

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் டீமில் ஒருவர் இருந்தார். எல்லோரும் அண்ணன் என்போம். அவருடைய அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று ப்ரொடக்‌ஷன் விழுந்துவிட்டது. மாடியறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று மணி நேரத்தில் சரிசெய்தார். அடுத்த நாள் முந்நூறு பேருக்கு மெயில் வந்தது: இவர்தான் ஓனர்ஷிப்பின் எபிடமி. 'தனிப்பட்ட சூழலையும் பொருட்படுத்தாமல்' என்று ஒரு வரி. அவ்வளவுதான். அப்பா இல்லை, பதினாறு இல்லை, கீழே சாப்பிடாமல் காத்திருந்த சொந்தக்காரர்கள் இல்லை.

எங்களுக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் சில வாரம் கழித்து, தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்ட ஒரு பையனுக்குப் பதிலாக அதே மெயில் ஃபார்வர்ட் ஆனது. கூட ஒரு வார்த்தைகூட இல்லை. உரசிப் பார்த்துவிட்டார்கள்.

அண்ணன் அதைப் படித்துவிட்டு டீக்கடையில் சொன்னார்: "என்னை வெச்சே அவனை அடிக்கிறாங்கடா." அடுத்த மாதம் பேப்பர் போட்டார்.

தமிழிலும் நாம் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. பொறுமைக்கு இலக்கணம், தியாகத்துக்கு இலக்கணம் என்போம். இலக்கியம் முந்தி, இலக்கணம் பிந்தி என்று படித்தவர்கள்தான். ஆனாலும் ஒருவரை இலக்கணம் ஆக்கிய நிமிடமே மற்றவர்கள் எல்லாம் பிழை ஆகிவிடுகிறார்கள். எங்கள் அம்மாவை ஒரு விசேஷ வீட்டில் பொறுமைக்கு இலக்கணம் என்று பெரியம்மா சொல்ல, அம்மா இலையைப் போட்டுக்கொண்டே, "இலக்கணத்துக்கு முதுகு வலிக்குது, யாராவது சாம்பார் வாளியப் பிடிங்க" என்றது இன்னும் எங்கள் குடும்பத்தில் ஓடுகிறது.

எனக்குப் பிடித்தது எடுத்துக்காட்டு என்ற சாதாரணச் சொல்தான். எடுத்துக் காட்டுவது. ஆங்கில 'எக்ஸாம்பிள்' லத்தீனில் வெளியே எடுப்பதிலிருந்து வந்தது; 'சாம்பிள்' அதே வேரில் பிறந்த தம்பி. ஒரு பானை சோற்றுக்குப் பதம் பார்க்கும் ஒரு சோறு. அந்தச் சோறு பானையிலேயே சிறந்த சோறாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கரண்டியில் வந்ததை நசுக்கிப் பார்க்கிறோம். சிறந்ததைத் தேடி எடுத்தால் பதம் தப்பாகத்தான் தெரியும். சாம்பிளிங் வகுப்பில் எங்களுக்கு ஒரு செமஸ்டர் முழுக்க நடத்தியது இதைத்தான்.

இந்த வருஷம் இப்போதைய ஆபீஸில் ஒரு ஜூனியர் பெண்ணை அவார்டுக்குப் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. ஃபார்மில் 'ஒரே சொல்லில் இவர்' என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விட்டேன். கீழே எழுதியது: பணப் பரிவர்த்தனை இரண்டு முறை பதிவாகும் பக்கை இவர் கண்டுபிடித்தார். ஒன்பது நாள் ஆனது. நடுவில் இரண்டு நாள் லீவில் இருந்தார், அப்போது அவரை யாரும் கூப்பிடவில்லை. திரும்பி வந்து முடித்தார். கூட டெஸ்ட்டும் எழுதினார்.

மேனேஜர் கூப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கு. அந்த லீவு வரிய மட்டும் கட் பண்ணிடலாமா? கமிட்டி ஒரு மாதிரி பாக்கும்."

"அது இருக்கட்டும் சார்" என்றேன்.

ஃபார்ம் இன்னும் அவர் இன்பாக்ஸில்தான் கிடக்கிறது.