வால்பாறை: 40 வளைவுகளும் ஒரு குட்டி ஃப்யூஸும்

பொள்ளாச்சியை விட்டுக் கிளம்பினால் இரண்டு பக்கமும் தென்னந்தோப்புகள். ஆழியாறு அணையையும் வனத்துறை சோதனைச் சாவடியையும் கடந்ததும் மலைப்பாதை ஆரம்பம். வால்பாறை போய்ச் சேர மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை உண்டு. 9-வது வளைவில் உள்ள லோம்ஸ் காட்சிமுனையில் நின்றால், ஏறி வந்த பாதை நெளிந்து கிடப்பதும், கீழே அணைநீர் மின்னுவதும் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் வரையாடுகளும் கண்ணில் படும்.

அட்டகட்டியைத் தாண்டினால் குளிர் கூடும். கவர்க்கல் பக்கம் பனிமூட்டம் இறங்கிவிட்டால், முன்னால் போகும் பஸ்கூடத் தெரியாது. அப்போது காரைக் காப்பாற்றுவது மூன்று விஷயங்கள்: ஹெட்லைட், வைப்பர், ஹார்ன். இவற்றில் ஒன்று திடீரென நின்றுபோனால் காரணம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. நகத்தளவு ஃப்யூஸ் ஒன்று எரிந்திருக்கலாம்.

எங்கே தேடுவது?

பெரும்பாலான கார்களில் இரண்டு ஃப்யூஸ் பெட்டிகள் இருக்கும். ஒன்று டேஷ்போர்டுக்குக் கீழே. மற்றொன்று பானெட்டுக்குள், பேட்டரிக்குப் பக்கத்தில். எந்த ஃப்யூஸ் எதற்கு என்ற வரைபடம் மூடியின் உட்பக்கத்திலோ, காருடன் வந்த கையேட்டிலோ இருக்கும். ஃப்யூஸின் தலையில் ஆம்பியர் எண் உண்டு. நிறமும் அதைச் சொல்லும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30.

எப்படி மாற்றுவது?

வளைவில் நிறுத்தவே கூடாது. ஹஸார்டு விளக்கைப் போட்டு, நேரான, அகலமான இடத்தில் ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக் போட வேண்டும். இது யானைகள் நடமாடும் காடு. சுற்றிலும் பார்க்காமல் கதவைத் திறக்கக் கூடாது. இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட வேண்டும். பெட்டியிலேயே ஒரு சின்ன பிளாஸ்டிக் இடுக்கி இருக்கும். அதால் ஃப்யூஸை நேராக மேலே இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போதும். உள்ளே கம்பி அறுந்தோ கருகியோ இருந்தால் அதுதான் குற்றவாளி. அதே அளவு, அதே ஆம்பியர் ஃப்யூஸை அழுத்திப் பொருத்தினால் வேலை முடிந்தது.

கையில் மாற்று ஃப்யூஸ் இல்லையா? பாட்டு கேட்காமலும் மலை ஏறலாம். ஆடியோ ஃப்யூஸ் அதே அளவும் ஆம்பியருமாக இருந்தால், அதைக் கழற்றி வைப்பருக்குப் போடலாம்.

ஆனால் 10 ஆம்பியர் இடத்தில் 20 போடுவதும், சிகரெட் அட்டை ஜிகினா தாளையோ கம்பியையோ சொருகுவதும் விபரீதம். ஃப்யூஸ் எரிவது வயரைக் காப்பாற்றத்தான். அது எரியாவிட்டால் வயர் எரியும், காரே தீப்பிடிக்கலாம். புது ஃப்யூஸும் உடனே போய்விட்டால் எங்கோ ஷார்ட் சர்க்யூட் இருக்கிறது. மெக்கானிக்தான் பார்க்க வேண்டும். பானெட்டுக்குள் இருக்கும் பெரிய மெயின் ஃப்யூஸ்களையும், மின்சார காரின் ஆரஞ்சு நிற கேபிள்களையும் தொடவே வேண்டாம். கொட்டும் மழையில் பானெட் பெட்டியைத் திறப்பதும் கூடாது.

ஆழியாறில் டீ குடிக்க நிறுத்தும்போதே விளக்கு, வைப்பர், ஹார்ன் மூன்றையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் நிம்மதி. அதன்பிறகு தேயிலைத் தோட்டங்களையும், புதுத்தோட்டம் பக்கம் மரம் தாவும் சிங்கவால் குரங்குகளையும் ஆற அமர ரசிக்கலாம்.