அங்கியைக் கழற்றிய பிறகு

மலையாள நாடகாசிரியர் சி.ஜே. தாமஸ் ஒரு பாதிரியாரின் மகன். குருத்துவத்துக்குப் படித்து, அங்கியைக் கழற்றிவிட்டு வெளியே வந்தவர். பிற்பாடு கம்யூனிஸ்ட் கட்சியையும் விட்டார். அப்படிப்பட்டவர் 1950-களில் நாடகம் எழுத உட்கார்ந்து எடுத்துக்கொண்டது தாவீதையும் பத்சேபாளையும்! 'ஆ மனுஷ்யன் நீ தன்னெ' நாடகத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியின் கதையைச் சொல்லி, தாவீது ராஜாவின் வாயாலேயே அவருக்குத் தீர்ப்பு வாங்கிய தீர்க்கதரிசி நாத்தானை ஓய்வுநாள் பள்ளியில் கேட்டவன் எப்படி மறப்பான்? சபையை விடலாம். நாத்தானை ஏன் விடவேண்டும்?

நான் வளர்ந்தது மார்த்தாண்டம் பக்கம், கண்டிப்பான ஒரு சபையில். நகை கிடையாது, சினிமா கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே இரகசிய வருகை: இயேசு திடீரென்று வந்து விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொள்வார் என்ற பயம். ஒருநாள் பள்ளிவிட்டு வந்தால் வீடு திறந்து கிடக்கிறது. அடுப்பில் சோறு கொதிக்கிறது. அம்மாவைக் காணோம். கிணற்றடியில் இல்லை, தொழுவத்தில் இல்லை. எல்லோரும் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள், நான் மட்டும் கைவிடப்பட்டேன் என்று தெருவில் அலறிக்கொண்டு ஓடினேன். பாஸ்டர் வீட்டு முற்றத்தில் பாஸ்டரம்மா மரச்சீனிக் கிழங்கு காயவைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அம்மா உப்பு வாங்கப் போயிருந்தாள்.

சபையை விட்டு, வேலைக்காகத் திருவனந்தபுரத்துக்கு வந்து பல வருடம் கழித்தும், ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்தால் அந்தப் பயம் வயிற்றைப் பிடிக்கும். பயம் மெல்லப் போனது. ஆனால் காய்ச்சல் என்றால் கஞ்சியோடு வந்து நிற்கும் மனிதர்களும் கூடவே போனார்கள். உண்மையான இழப்பு அதுதான்.

இதே திருவனந்தபுரத்தில்தான் 1952-இல் எம்.பி. பால் இறந்தார். வைக்கம் முகம்மது பஷீரின் 'பால்யகாலசகி' நாவலுக்கு முன்னுரை எழுதிய விமர்சகர். சி.ஜே.யின் மாமனாரும் அவரே. கத்தோலிக்கச் சபையோடு முரண்பட்டதால், விலக்கப்பட்டவர்களைப் போடும் தெம்மாடிக்குழியில் அவரைப் புதைத்தார்கள். அதை எண்ணினால் இன்றும் கோபம் வருகிறது. அந்த மனிதர்தான் 1945-இல் கோட்டயத்தில் எழுத்தாளர்கள் கூடித் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் முதல் தலைவர். சபையோடு ஒத்துப்போகாதவருக்கும் கூடிநிற்க மனிதர்கள் வேண்டியிருந்தது.

எனக்குக் கிடைத்தது டிசம்பர் திரைப்பட விழா. தம்பானூரில் கைரளி, ஸ்ரீ, நிளா திரையரங்குகளின் வாசலில் வரிசை. முன்பின் தெரியாதவர் இடம் பிடித்துவைப்பார். படம் முடிந்ததும் தட்டுக்கடையில் நின்று நள்ளிரவு வரை வாதாடுவோம். அங்கே பழகியவர்கள்தான், போன மழைக்காலத்தில் நான் படுத்தபோது கஞ்சி கொண்டுவந்தார்கள்.

அக்கா இன்னும் சபையில் இருக்கிறாள். "நீ செத்தா எங்க லே கொண்டு அடக்குவோம்?" என்று அழுவாள். உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பதாக எழுதி அவளிடம் நீட்டினேன். நெடுநேரம் ஜெபித்துவிட்டு, சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். உடலை வண்டியில் ஏற்றுமுன் சாராள் நவரோஜியின் கிறிஸ்தவப் பாட்டு ஒன்று பாடுவேன், தடுக்கக்கூடாது என்றாள். நான் ஏன் தடுக்கப்போகிறேன்? அந்தப் பாட்டெல்லாம் எனக்கும் மனப்பாடம்.