28,460 கிலோமீட்டர்

கழக்கூட்டம் சந்திப்பிலிருந்து கடற்கரையை நோக்கிச் சென்றால் மேனங்குளம். அங்கே ஒரு வீட்டின் போர்ட்டிகோவில் உறை போர்த்தி நிறுத்தப்பட்டிருந்தது அந்தக் கார்: 2008இல் பதிவான மெர்சிடிஸ் பென்ஸ் இ 280. ஓடோமீட்டர் காட்டிய எண் 28,460. பேராசிரியர் மனத்துக்குள் வகுத்துப் பார்த்தார். 17 ஆண்டுகளில் நாளொன்றுக்கு ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. "அதிகம் ஓடியிட்டில்ல மோனே" என்றார் உரிமையாளரான மூதாட்டி. அந்தக் குரலில் பெருமையும் இருந்தது, மனக்குறையும் இருந்தது. கேட்ட விலை 4,75,000 ரூபாய். இன்றைய சிறிய கார் ஒன்றின் விலை.

பேராசிரியர் ஆடம்பரத்தை நாடுகிறவர் அல்லர். நாகர்கோவில்காரர், சுவடியியல் ஆய்வின் பொருட்டுக் காரியவட்டம் வளாகத்துக்கு வந்து, கழக்கூட்டத்தில் வாடகை வீட்டில் நிலைத்துவிட்டவர். அவருடைய தந்தை வடசேரியில் 32 ஆண்டுகள் அம்பாசிடர் டாக்சி ஓட்டியவர். இப்போது 74 வயது, பார்க்கின்சன் நோய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்ரீசித்திரா மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டும். கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரையிலான புறவழிச்சாலை வழுக்கிக்கொண்டு போகும். எல்லை தாண்டியபின் களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் என்று பழைய நெரிசல் சாலை. சிறிய காரின் பின்னிருக்கையில் ஒவ்வொரு குழியிலும் தந்தையின் முகம் சுருங்குவதை மகன் கண்ணாடியில் பார்த்து வந்திருக்கிறார். வாழ்நாள் முழுவதும் பிறரைப் பின்னிருக்கையில் அமர்த்தி ஓட்டிய மனிதர் ஒருமுறையாவது பென்ஸின் பின்னிருக்கையில் சாய்ந்து வரட்டுமே என்ற எண்ணமும் அதனுள் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வண்டியைவிட முதலில் அவர் கையில் எடுத்தது அதன் சர்வீஸ் புத்தகத்தை. சுவடி வாசிப்பவருக்கு அது இயல்புதான். முதல் மூன்று ஆண்டுகளில் 14,200 கிலோமீட்டர். மஸ்கட்டில் பணிபுரிந்த கணவர் விடுமுறையில் வரும்போதெல்லாம் குடும்பத்தோடு எங்கெங்கோ சென்றிருக்கிறார். 2014இல் 21,900. பிள்ளைகள் வெளிநாடு சென்ற காலம் அது. 2018இல் 26,300. அத்தோடு முத்திரைகள் நின்றுவிடுகின்றன. அந்த ஆண்டுதான் அவர் இறந்தார் என்று மூதாட்டி சொன்னார். அதன்பின் ஏழு ஆண்டுகளில் 2,160 கிலோமீட்டர் மட்டும். ஓட்டுநர் ஒருவர் ஞாயிறுதோறும் வந்து பத்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டு அணைத்துவிட்டுப் போவார்.

அந்தப் பத்து நிமிடத்தைத்தான் மெக்கானிக் அதிகம் வெறுத்தார். நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடினால் என்ஜின் முழுச் சூட்டை எட்டுவதில்லை. எரிதலில் உண்டாகும் நீராவி வெளியேறாமல் குளிர்ந்து எண்ணெயில் கலக்கிறது. எரியாத பெட்ரோலும் கலக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி இழந்ததும் திரும்ப நிரம்புவதில்லை. வண்டியைக் காப்பதாக எண்ணிச் செய்த காரியம் வாரந்தோறும் அதைச் சிறிது சிறிதாகக் கெடுத்திருக்கிறது. அன்போடு செய்யப்பட்டதாகையால் யாரும் ஐயுறவில்லை.

டயர்களில் வார் தேயவில்லை. ஆனால் பக்கவாட்டில் 2213 என்ற எண் இருந்தது. 2013ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்யப்பட்டவை என்று பொருள். பார்வைக்குப் புதியவை, வயதோ 12. அறுபதுக்கு மேல் போகாதீர்கள் என்று எச்சரித்தார் மெக்கானிக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை ஏழு ஆண்டுகளாக யாரும் தொடவில்லை. என்ஜின் மவுண்ட், சஸ்பென்ஷன் புஷ், ஆயில் சீல், தண்ணீர்க் குழாய்கள் எனப் பட்டியல் நீண்டது. ரப்பர் கிலோமீட்டரை எண்ணுவதில்லை. கடற்காற்றின் உப்பு அடியில் அங்கங்கே துருவாகப் பூத்திருந்தது. எலி கடித்த வயர் ஒன்று டேப்பால் சுற்றப்பட்டிருந்தது. இந்த வகை வி6 என்ஜின்களின் தொடக்ககால உற்பத்தியில் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பற்சக்கரம் விரைவில் தேயும் குறை உலகறிந்தது. என்ஜின் எண்ணைப் பார்த்து, இது பிற்பட்டது, அந்தக் கவலை இல்லை என்றார். அந்த ஒரு வரியில் பேராசிரியரின் முகம் மலர்ந்துவிட்டது. வாங்க விரும்புகிறவனுக்கு ஒரு நற்செய்தி போதும், பத்துக் குறைகளை மறக்க. மதிப்பீடு 2,40,000 ரூபாய்.

இதெல்லாம் அவருக்குத் தெரியாத பாடமும் அல்ல. காரியவட்டத்தில் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தின் சுவடி நூலகத்தில் அவர் அன்றாடம் காண்பது இதுதான். தொடாமல் பரணில் கட்டிவைத்த ஏட்டைப் பூச்சி அரிக்கும். அவ்வப்போது பிரித்து, தூசு தட்டி, எலுமிச்சைப்புல் தைலம் தடவிய ஏடு நெடுங்காலம் இருக்கும். மணலிக்கரை மடத்திலிருந்து டி. கணபதி சாஸ்திரி கண்டெடுத்து 1912 முதல் அச்சிட்ட பாச நாடகங்களும் யாரோ படியெடுத்து, யாரோ பேணியதால்தான் அவர் கைக்கு எட்டின. வகுப்பில் இதை ஆண்டுதோறும் சொல்பவர், 28,460 என்ற எண்ணின் முன்னால் மட்டும் அதை மறந்து நின்றார்.

இதே நகரில் எதிர்முனைச் சான்றும் உண்டு. உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் 1955ஆம் ஆண்டு பென்ஸ் 180. 'கேன் 42' என்ற பதிவெண் திருவனந்தபுரத்துக்காரர் பலருக்கு மனப்பாடம். பல லட்சம் மைல் ஓடிய வண்டி அது. 2013இல் அவர் மறைந்தபோது வண்டிக்கு வயது 58. ஓடியதால் உயிரோடிருந்த வண்டி என்று சொல்லிவிடலாம். ஆனால் அதைப் பேண ஓர் அரண்மனை இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆவணங்களையும் பார்த்தார்கள். 2023இல் 15 ஆண்டு முடிந்து, பதிவு 2028 வரை புதுப்பிக்கப்பட்டிருந்தது. அப்போது வண்டிக்கு 20 வயதாகிவிடும். அந்த வயதைக் கடந்த கார்களுக்கு மறுபதிவுக் கட்டணத்தை 5,000இலிருந்து 10,000 ரூபாயாக 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு உயர்த்தியிருக்கிறது. 15 ஆண்டு கடந்த வண்டிகளின் வரியைக் கேரளம் அதே ஆண்டில் 50 விழுக்காடு கூட்டியது. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்ட வண்டியும் அல்ல இது. பழையதை வைத்திருப்பவனை அரசு விரும்பவில்லை என்பது தெளிவு.

கணக்கை முடித்தவர் மனைவி. விலையும் பழுதும் சேர்த்து 7,15,000. நாகர்கோவில் போய்வர நல்ல வாடகை வண்டிக்கு 5,000. ஆண்டுக்கு நான்கு முறை, 20,000. "அப்படியானால் இந்தப் பணத்தில் முப்பத்தைந்து வருஷம்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். தந்தையின் வயது இருவருக்கும் தெரியும். அன்றிரவு அதைப்பற்றி அவர்கள் மேலும் பேசவில்லை.

ஆயினும் பேராசிரியர் மூதாட்டியிடம் ஒருநாள் கேட்டு வாங்கினார். நவம்பர் பரிசோதனைக்காகத் தந்தை வந்திருந்தார். பின்கதவைத் திறந்து, அவரை மெல்ல உள்ளே அமர்த்தினார்கள். முதியவர் நடுங்கும் கையால் இருக்கைத் தோலைத் தடவினார். என்ஜின் இயங்கியதும் தலையைச் சாய்த்துக் கேட்டார். 2022இன் இறுதியில் திறக்கப்பட்ட கழக்கூட்டம் மேம்பாலத்தின் மேல், மெக்கானிக் சொன்ன வேகத்துக்குள், வண்டி ஓசையின்றிச் சென்றது. கண்ணாடியில் தந்தையின் முகம் சுருங்கவில்லை. மகன் அந்தக் கணத்தில் முடிவு செய்துவிட்டார்.

வீட்டு வாசலில் அந்த முடிவு மாறியது. இறங்க வேண்டும், தந்தையால் எழ முடியவில்லை. தாழ்வான செடான் இருக்கை. முழங்கால் இடுப்பைவிட மேலே நிற்கிறது. பார்க்கின்சன் நோயாளிக்கு ஓடும்போதைய குலுக்கலைவிடப் பெரிய இடர் தாழ்ந்த இடத்திலிருந்து எழுவதுதான். ஒருமுறை முயன்றார், இருமுறை முயன்றார். மூன்றாம் முறை மகன் ஒரு தோளையும் மருமகள் மறு தோளையும் பற்றித் தூக்கினார்கள். சிறிய காரில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. அதன் இருக்கை உயரமானது. இத்தனை வாரங்களாக எண்ணெய், டயர், வரி என்று எல்லாவற்றையும் அளந்தவர்கள் தரையிலிருந்து இருக்கைக்குள்ள உயரத்தை அளக்கவில்லை.

முதியவர் மூச்சு வாங்கி நின்று, வண்டியின் கூரையில் கைவைத்தார்.

"வண்டி நல்ல வண்டிதான் மக்கா. கெடந்துட்டு, அவ்வளவுதான். எனக்குத்தான் எறங்க முடியல்ல." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பொறவு, பின்னால இருந்தா ரோடு தெரியல்ல."

மறுநாள் பேராசிரியர் நேரில் சென்று சாவியைத் தந்தார். மூதாட்டி விலையைக் குறைக்க முன்வந்தார். காரணத்தைக் கேட்டபின் வற்புறுத்தவில்லை. "அச்சனு எங்ஙனெயுண்டு?" என்று விசாரித்தார். மெக்கானிக்கின் பட்டியலை அவர் அந்த அம்மாவிடமே கொடுத்தார். அடுத்து வருபவரிடம் மறைக்காமல் காட்டச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர் வந்தால் பத்து நிமிடம் நிறுத்திவைத்து ஓடவிடாமல், ஆற்றிங்கல் வரையாவது ஓட்டிவரச் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார். அவர் அதைச் சர்வீஸ் புத்தகத்தில், 2018க்குப் பின் வெறுமையாயிருந்த பக்கத்தில் குறித்துக்கொண்டார்.

அடுத்த பரிசோதனைக்கு உயரமான இருக்கை கொண்ட வாடகை வண்டி வந்தது. தந்தை முன்னிருக்கையில் அமர்ந்து, மார்த்தாண்டம் முதல் களியக்காவிளை வரை எங்கே கியரைக் குறைக்க வேண்டும் என்று ஓட்டுநருக்குச் சொல்லிக்கொண்டே வந்தாராம்.