சாரதி இல்லாத ஆசனம்

நல்லதண்ணியில் சீசன் என்றால் டிசம்பர் போயா தொடக்கம் வெசாக் போயா வரை. அந்த மாதங்களின் வியாபாரத்தில்தான் மழைக்காலத்துக்கும் சேர்த்து அடுப்பு எரிய வேண்டும். மலையேற வருபவர்களில் சிங்களவர் அதை ஸ்ரீபாத என்பார்கள், தமிழர் சிவனொளிபாதம் என்பார்கள், எங்கள் உம்மம்மாவுக்கு அது பாவாத மலை. பெயர் எதுவானாலும் இறங்கி வரும் பிள்ளைகளின் கால் நிற்பது வாப்பாவின் கடை வாசலில்தான். அங்கே தொங்கும் விளையாட்டுச் சாமான்களில் அதிகம் விலைபோவது, லொறியாகவும் ஆளாகவும் மாறும் யுத்த ரொபோ.

வாங்க வந்தவருக்கு மாற்றிக் காட்டாவிட்டால் அது விற்காது. அதனால் அதன் மடிப்புகள் என் விரல்களுக்கு மனப்பாடம். லொறியின் முகம் நெஞ்சாகும். பின்பக்கம் இரண்டாகப் பிளந்து கால்களாகும். பக்கத் தகடுகளை இழுத்தால் கைகள். உள்ளே குனிந்து கிடக்கும் தலையை மட்டும் நகத்தால் நிமிர்த்திவிட வேண்டும். புதிதாக எதுவும் சேர்வதில்லை, எதுவும் கழன்று போவதுமில்லை. லொறியாக நிற்கும்போதே அந்தப் போராளி முழுசாக உள்ளே இருக்கிறான். இதை முதலில் செய்தவர் எத்தனை கடதாசி கிழித்திருப்பார் என்று நான் வியப்பேன். தம்பிக்கு அந்த வியப்பெல்லாம் கிடையாது. அவன் கேட்டது ஒன்றுதான்: "ராத்தா, இதுக்கு டிரைவர் எங்க?"

கண்ணாடிக்குப் பின்னால் ஆசனம்போல ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அதில் யாருமில்லை.

சின்னப்பிள்ளைக் கேள்விதான். ஆனால் அதற்கு உண்மையாகவே ஒரு பதில் இருப்பதைப் பிறகு வாசித்து அறிந்தேன். 1980இல் ஜப்பானின் டகாரா கம்பனி 'டயாகுளோன்' என்ற பெயரில் ரொபோ பொம்மைகளை வெளியிட்டது. வேற்றுலகப் பகைவரோடு போரிடும் அந்த ரொபோக்களுக்குச் சொந்தமாக மூளை இல்லை. மனிதர் ஏறி ஓட்டும் வாகனங்கள் அவை. பாதத்தில் காந்தம் வைத்த குட்டிச் சாரதிகளும் சேர்ந்தே வந்தார்கள், பெருவிரல் அளவுகூட இருக்கமாட்டார்கள். 1984இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பனி அந்தப் பொம்மைகளை 'ட்ரான்ஸ்போர்மர்ஸ்' என்று விற்றபோது கதையை மாற்றிவிட்டது. சாரதி போய்விட்டார். இயந்திரத்துக்கே பெயரும் மூளையும் கோபமும் வந்தன. ஒப்டிமஸ் பிரைம் என்று உலகமே அறிந்த அந்தச் சிவப்பு லொறியும் டயாகுளோனில் இருந்து வந்ததுதான். ஆள் போனார், ஆசனம் மிஞ்சியது.

சாரதியை விடாமல் வைத்திருந்த கதைகளும் உண்டு. 1982இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்த 'மக்ரோஸ்' தொடரில் போர் விமானம் ரொபோவாக மாறும். இடையில் விமானத்துக்குக் கையும் காலும் மட்டும் முளைத்த ஒரு பாதி உருவமும் எடுக்கும். எந்த உருவத்திலும் உள்ளே ஒரு மனிதன் இருப்பான். அவன் பயப்படுவான், ஆளைப் பறிகொடுத்தால் துக்கப்படுவான். அவன் சுட்டது தவறென்றால் பெயர் சொல்லிக் கேட்கலாம்.

ஒரு வேடிக்கையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நல்லதண்ணியிலிருந்து மலையேறும் பாதையில் ஜப்பானிய பௌத்த துறவிகள் கட்டிய வெள்ளைச் சமாதானத் தூபி ஒன்று நிற்கிறது. ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்த பிறகு உலகெங்கும் இப்படித் தூபி கட்டத் தொடங்கிய நிப்பொன்சான் மியோஹோஜி அமைப்பினருடையது. அதை வணங்கிவிட்டு இறங்கும் பெற்றோர்தான் எங்கள் கடையில் பிள்ளைக்கு யுத்த ரொபோ வாங்கிக் கொடுக்கிறார்கள். இரண்டும் ஜப்பான் தந்தவை. வாப்பாவுக்கு இதில் ஒரு முரணும் தெரியவில்லை. வியாபாரிக்குத் தெரியவும் கூடாது.

தமிழில் யுத்த ரொபோ என்றால் 'எந்திரன்' தவிர வேறெதைச் சொல்வது? 2010 ஒக்டோபரில் வந்த படம். ஜீனோ என்ற ரொபோ நாயை 'என் இனிய இயந்திரா'வில் நமக்கு அறிமுகம் செய்த சுஜாதாவுக்கும் இதன் எழுத்தில் பங்கு உண்டு. படம் வெளிவருமுன் 2008இலேயே அவர் காலமாகிவிட்டார். கடைசிச் சண்டையில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பந்தாகின்றன, பாம்பாகின்றன, வானளவு நிற்கும் இராட்சதனாகின்றன. ரீவியில் அந்தக் கட்டம் வந்தால் எங்கள் வீட்டில் சோறு ஆறிப்போகும்.

ஆனால் சிட்டி எதற்காகச் செய்யப்பட்டது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். அதை வசீகரன் இராணுவத்துக்காகத்தான் செய்கிறான். பரீட்சையில் போரா கட்டளையிட்டதும், தன்னைப் படைத்தவனையே குத்தக் கத்தியை ஓங்குகிறது. நண்பன் யார், பகைவன் யார் என்று பிரித்தறியாத ஆயுதம் என்று அதைத் தள்ளிவிடுகிறார்கள். அதன் பயனை நிரூபிக்கத்தான் தீப்பிடித்த கட்டடத்துக்குள் அனுப்புகிறான். பலரைக் காப்பாற்றிய சிட்டி, குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கிவந்து கமராக்களின் முன் நிறுத்துகிறது. அவள் கெஞ்சியது அதற்கு விளங்கவில்லை. எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்ற வெட்கத்தில் ஓடி, வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள். சிட்டியின் கணக்கில் அவள் காப்பாற்றப்பட்ட ஓர் உயிர்.

படம் அவளைத் தாண்டி வேகமாகப் போய்விடுகிறது. பந்துக்கும் பாம்புக்கும் கொடுத்த நேரத்தில் நாலில் ஒரு பங்கு கூட அவளுக்கு இல்லை. எனக்கென்னவோ படத்தின் உண்மையான யுத்தக் காட்சி அதுதான் என்று படுகிறது. ஹொஸ்டலில் இதைப் பற்றிப் பேசினோம். எங்களில் ஒருத்திக்குக்கூட அந்தப் பெண் ஏன் ஓடினாள் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

முடிவில் ஒரு வழக்கும் வருகிறது. சிட்டி செய்த கொலைகளுக்கு வசீகரன் தண்டிக்கப்படும் நிலை. சிவப்புச் சிப்பைப் பொருத்தியவர் போரா என்பதைத் தன் பதிவிலிருந்து சிட்டியே காட்டுகிறது. வசீகரன் தப்புகிறான், சிட்டியைக் கழற்றிப்போடும்படி தீர்ப்பாகிறது. தம்பியின் கேள்வியைத்தான் நீதிமன்றமும் கேட்டது. அங்கே பதில் சொல்ல ஒரு நல்ல ரொபோ இருந்தது.

சினிமாவுக்கு வெளியே அந்தக் கேள்வி இன்னும் மேசையில் கிடக்கிறது. இலக்கைத் தானே தெரிந்து தானே சுடும் ஆயுதங்களைப் பற்றி 2014 முதல் ஜெனீவாவில், ஐ.நா.வின் மரபு ஆயுதச் சமவாயத்தின் கீழ் நாடுகள் பேசிக்கொண்டிருக்கின்றன. மனிதரின் கட்டுப்பாடு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் இழுபறி. அவற்றைத் தடுக்கும் உடன்படிக்கை ஒன்று இன்னும் வரவில்லை.

எங்கள் புவியியல் டீச்சர் யுத்தத்தின் கடைசிக் காலத்தில் வன்னியில் இருந்தவர். ஆளில்லாத வேவு விமானத்தை அங்கே சனங்கள் 'வண்டு' என்றுதான் சொன்னார்கள். அது ரொபோ அல்ல. அதை ஓட்டியவர் எங்கோ தூரத்தில், திரைக்கு முன்னால் இருந்தார். வண்டு சுடுவதுமில்லை, பார்த்துவிட்டுப் போகும். அது வட்டமிட்டால் ஷெல் வரும் என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்குவார்களாம். "அதுக்கு எங்களைத் தெரியும் பிள்ளைகள். ஆனா எங்கட முகம் தெரியாது" என்று ஒருநாள் சொன்னார்.

கல்லூரி மைதானத்தில் புல்வெட்டும் இயந்திரத்தை இயக்கும்போது டீச்சர் பாடத்தை நிறுத்திவிடுவார். ஜன்னலைச் சாத்தச் சொல்வதில்லை. சோக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஓயும் வரைக்கும் கரும்பலகையைப் பார்த்தபடி நிற்பார். நாங்களும் பேசாமல் இருப்போம்.