ஃபில்டர் இருக்கட்டும், முதலில் ஃபோகஸ்

தொலைநோக்கியில் படம் எடுக்கிறேன் என்று தெரிந்ததும் நண்பர்கள் கேட்பது, "எந்த ஃபில்டர் நல்லது?" என்றுதான். எனக்கு அறுபத்தெட்டு வயதில் பெரும்பாடு ஃபோகஸ்தான். ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று முறைக்குக் காத்திருக்கிறது. நட்சத்திரம் கூர்மையாக இருக்கிறதா என்று கண்ணை நம்பிச் சொல்ல முடிவதில்லை.

கைகொடுத்தது, ரஷ்யாவின் பாவெல் பாக்தினோவ் யோசித்த முகமூடி. கெட்டி அட்டையில் மூன்று சாய்வுகளில் ஜன்னல் கம்பி போல வெட்டி, குழாயின் வாயில் மாட்ட வேண்டும். பிரகாசமான நட்சத்திரத்தைக் கேமரா திரையில் பெரிதாக்கினால் மூன்று கோடுகள் தெரியும். இரண்டு பெருக்கல் குறியாக நிற்கும். மூன்றாவது, குமிழைத் திருகத் திருக நகரும். அது நடுவில் வந்து நின்றால் ஃபோகஸ் சரி. கோடு நடுவில் இருக்கிறதா என்று பார்க்க என் கண்ணே போதும்.

ஃபில்டரை மாட்டிய பிறகே இதைச் செய்யுங்கள். 2 மி.மீ. கண்ணாடி, குவியும் இடத்தைச் சுமார் 0.7 மி.மீ. தள்ளிவிடும். என் எஃப்/5 குழாய் பொறுப்பது 0.1 மி.மீ. கூட இல்லை. இரவு குளிரக் குளிரவும் ஃபோகஸ் நகரும். மணிக்கொரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

பிள்ளையார்குப்பத்தில் பாகூர்ப் பக்க வானம் தேவலை, கடலூர் சாலைப் பக்கம் வெளுத்துக் கிடக்கும். பழைய மஞ்சள் சோடியம் விளக்கின் ஒளி பெரும்பாலும் 589 நானோமீட்டரை ஒட்டியது, ஃபில்டரால் வெட்டிவிடலாம். வெள்ளை எல்.இ.டி.யில் எல்லா நிறமும் கலந்திருப்பதால் அது நடக்காது. ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் சிவப்பை மட்டும் விடும் குறுகிய ஃபில்டர்தான் வழி. அதையும் வாயுமேகங்களுக்குத்தான் வாங்க வேண்டும், நட்சத்திரக் கூட்டங்களுக்கு வீண் செலவு. சாதாரண கேமராவின் உள்கண்ணாடி இந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுக்கும் என்பதையும் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

மேகத்துக்கு ஃபில்டர் கிடையாது. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1768இல் பாண்டிச்சேரிக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார் லெ ஜாந்தி என்ற பிரெஞ்சுக்காரர். 1769 ஜூனில் அந்தக் காலை வந்தபோது வானம் மூடிக்கொண்டது. எனக்காவது மறுநாள் உண்டு.

தை மாதத்தில் பனிதான் தொல்லை. "சளி புடிச்சிக்கப் போவுது, உள்ள வாங்க" என்பாள் மனைவி. ஐந்து நிமிஷம் என்று கெஞ்சுவேன். திரையில் ஓரியன் மேகம் சிவப்பாக எழும். என் குழாயில் கண் வைத்தால் இருபது வயதுப் பையனுக்கும் அது சாம்பல் நிறம்தான்.